கென்யாவைக் காட்டுகிறவர்களுக்கு



சம்பள உயர்வு கேட்டால் போதும், "கென்யாவில் ஒருவர் எத்தனை கிலோ பறிக்கிறார் பாருங்கள்" என்கின்றன கம்பனிகள். சரி, பார்ப்போம்.

கென்யத் தேயிலையில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகளுடையது. 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சொந்தக் காணியில் கொழுந்து பறிக்கிறார்கள். தொழிற்சாலையிலும் அவர்களுக்குப் பங்குண்டு. விலை விழுந்தால் அவர்களுக்கும் கஷ்டம்தான். ஆனால் காலடி நிலம் அவர்களுடையது.

அதே ஆப்பிரிக்காவில் மலாவியையும் பாருங்கள். அங்கே தேயிலையில் பெரும்பங்கு பெருந்தோட்டங்களின் கையில். தொழிலாளிக்குக் கூலி மட்டும்தான். கூலி நின்றால் அடுப்பும் நிற்கும்.

நாம் எந்தப் பக்கம்? மலையகத்துக்கு வந்து 200 ஆண்டுகள் கடந்தும், கொத்மலை லயத்தில் எத்தனை பேருக்குக் காம்பரா சொந்தப் பெயரில் இருக்கிறது?

கிலோவுக்குக் கென்யா, காணிக்கு மலாவியா? கென்யாவைக் காட்டுகிறவர்கள் முதலில் காணி உறுதியைக் காட்டட்டும்!