குண்டுப் பிள்ளையா? கண்ணையும் பாருங்கள்!

"பிள்ளை சதா தின்னுது டாக்டர், உடம்பு இளைக்கக் கஷாயம் கொடுங்க" என்று ஆம்பூர் ஷூ கம்பெனித் தாய்மார்கள் வருவதுண்டு. பெரும்பாலும் தீனிதான் காரணம். ஆனால் உடம்பு பெருத்தும் உயரம் கூடவில்லையா? பார்வை மங்கலா? கருவிழி ஆடுகிறதா? உஷார்!

'செப்டோ ஆப்டிக் டிஸ்பிளேசியா' என்ற அபூர்வமான பிறவி மூளைக்குறையாக இருக்கலாம். இதில் பார்வை நரம்பு மெலிந்திருக்கும். பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் கெட்டால் சிலருக்குப் பசி அடங்காது. ஹார்மோன் குறைந்தால் சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு உலை வைக்கும்.

சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: கஷாயத்துக்கு முன் ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கண் பரிசோதனை. தூரம் போக வேண்டாம். 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது நம்ம வேலூர் சி.எம்.சி.யில்தான்.

'தின்னிப்பண்டாரம்' என்று மட்டும் திட்டாதீர்கள். பாவம், தப்பு பிள்ளையுடையதல்ல!