உனக்கும் கீழயா?

ரெண்டு வருசம் ஒருத்தரும் என்னைத் தொடவில்லை. டீக்கடைத் தம்ளரைப் பற்றியோ கோயில் வாசலைப் பற்றியோ நான் பேச வரவில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு வந்தது வல்வா கேன்சர். யோனியின் வெளிப்புறத்தில், இதழ்களில் வருகிற புற்று. பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் வருகிற புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஏறத்தாழ 5 தான். 2020இல் உலகம் முழுக்க சுமார் 45,000 பெண்களுக்கு வந்ததாகக் கணக்கு. அபூர்வ நோய் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் இது வயிற்றுக்குள் ஒளிந்திருக்கிற கட்டி அல்ல. தோலின் மேல் இருக்கிறது. பார்த்தால் தெரியும், தொட்டால் தட்டுப்படும். சந்தேகம் வர ஒரு விளக்கும் ஒரு கையுறையும் போதும். அப்படிப்பட்ட நோயைக் கண்டுபிடிக்க எனக்கு ஏன் ரெண்டு வருசம் ஆனது?

முதலில் அரிப்பு. ராத்திரி தூங்க விடாத அரிப்பு. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே "சுத்தமா வச்சுக்கம்மா" என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். சேரிக்காரிக்கு என்ன நோய் வந்தாலும் முதல் மருந்து இந்தச் சுத்தம்தான். மறுபடி போனபோது சர்க்கரையா இருக்கும் என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை இல்லை. வட்டிக்கு வாங்கிய காசோடு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். அந்த டாக்டரம்மா எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். "ஊர்லயா, காலனியிலயா?" என்றாள், சொன்னேன். கட்டிலில் ஏறிப் படுக்கச் சொல்லவில்லை. என் புருசனின் நடத்தையைப் பற்றி ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு மாத்திரை எழுதினாள். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதற்குள் தோல் வெளுத்து, வெளுத்த இடம் புண்ணாகி விட்டது. மூன்றாவது இடத்தில் ரெண்டடி தள்ளி நின்று ஒரு பார்வை பார்த்தார்கள். மறுபடியும் களிம்பு.

இந்த நோய் அழுக்கால் வருவதில்லை தோழர்களே. தோல் வெளுத்து மெலிந்து போகிற லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற கோளாறு நெடுநாள் கவனிக்கப்படாமல் கிடந்தால் அதிலிருந்து வரலாம். எச்.பி.வி. வைரஸால் வரலாம். பெரும்பாலும் இந்த ரெண்டு வழிதான். வெளுத்த தோலை அன்றைக்கே ஒருவர் உற்றுப் பார்த்திருந்தால் புண் ஆகுமுன்பே மருத்துவம் தொடங்கியிருக்கும்.

தலித்தை மருத்துவமனைக்குள் விட மறுத்தால் 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம் கையில் இருக்கிறது. உள்ளே விடுகிறார்கள், சீட்டு போடுகிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள், தொட மட்டும் மாட்டார்கள் என்றால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? 'தீண்டாமை' என்ற சொல்லுக்குத் தொடாமை என்பதுதானே நேர்ப்பொருள்? அந்த நேர்ப்பொருள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற இடம் பரிசோதனைக் கட்டில்.

எங்கம்மா பேறுகாலம் பார்த்தவள். ஊர்த்தெருவில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவைதான். பனிக்குடத் தண்ணி, ரத்தம், நஞ்சுக்கொடி எல்லாம் தீட்டு, அதனால் பறச்சி கை வேண்டும். குழந்தை அழுததும் அந்தக் கை திண்ணைக்கு வெளியே போய்விட வேண்டும். ஊர்க்காரிகளின் உடம்புக்கு எங்கம்மாவின் கை இருந்தது. அவள் மகள் உடம்புக்கு ஒரு கை இல்லை.

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 1845 முதல் 1849 வரை ஜே. மரியன் சிம்ஸ் என்ற டாக்டர் அனார்க்கா, லூசி, பெட்ஸி முதலான கறுப்பு அடிமைப் பெண்கள்மீது மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்பக் கத்தி வைத்து அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டான். நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று அவனுக்குச் சிலை வைத்தார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து அந்தச் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அடிமையின் உடம்பைத் தொடுவார்கள். அவளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் கை கூசும்.

கடைசியில் வேறொரு அரசு மருத்துவமனையில் ஒரு சின்னப் பொண்ணு, பயிற்சி டாக்டர், கையுறை போட்டாள், டார்ச் அடித்தாள், குனிந்து பார்த்தாள். கவட்டையிலும் கை வைத்து அமுக்கிப் பார்த்தாள். "ஏங்க்கா இவ்வளவு நாள் வரல?" என்றாள். நான் வராமலா இருந்தேன்? மரத்துப்போக ஊசி போட்டுத் துளியூண்டு சதை எடுத்தார்கள். அதற்குப் பெயர் பயாப்சி. சில நிமிச வேலை. முடிவு வந்தது, கேன்சர். கவட்டை நெறிக்கட்டிக்குப் பரவுமுன் கண்டுபிடித்தால் 100 பேரில் 80க்கு மேல் அஞ்சு வருசம் தாண்டுகிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. எனக்குப் பரவிய பிறகுதான் தெரிந்தது. அறுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள். இடது கால் இன்றைக்கும் வீங்கித்தான் இருக்கிறது.

வார்டில் மார்புப் புற்று வந்தவர்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். கர்ப்பப்பைக்காரிகள் ஒரு கூட்டம். எனக்குக் கூட்டமில்லை. கேட்டவர்களிடம் "கர்ப்பப்பைதான்" என்று பொய் சொன்னேன். கரண்ட் வைக்கிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது ஒருத்தி காதோரம் வந்து, "உனக்கும் கீழயா?" என்று கேட்டாள். அப்படித்தான் நாங்கள் ரெண்டு பேர் ஆனோம்.

அவள் ஊர்த்தெருக்காரி. நோய் வந்தால் சாதி போய்விடும் என்று யாராவது கதை எழுதினால் நம்பாதீர்கள். என் காலனிப் பேரைக் கேட்டபின் மூணு நாள் என் தண்ணிப் பாட்டிலைத் தொடவில்லை. நாலாம் நாள் அவள் புருசன் வராமல் போனான். ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல் தாங்காமல் அழுதவளுக்கு, "இருக்கும்போதே சொம்புல தண்ணி ஊத்திக்கிட்டே இரு, எரியாது" என்று நான்தான் சொன்னேன். புண்ணைத் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது, வீக்கத்துக்குப் பட்டை கட்டுவது என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டோம். இதையெல்லாம் சீட்டில் எழுதித் தரமாட்டார்கள். அனுபவப்பட்டவள்தான் சொல்ல முடியும். பிறகு மூணாவதாக ஒருத்தி சேர்ந்தாள். இப்போது ஆறு பேர்.

இனி நம் பக்கம் வருகிறேன். இயக்கக் கூட்டத்தில் இதைப் பேசவேண்டும் என்றபோது ஒரு தோழர் சொன்னார்: "மேடையில வேணாம் தோழர், வயித்துல கட்டின்னு சொல்லிக்கலாம்." ஏன்? அந்த உறுப்பின் பெயர் நம் ஆண் தோழர்களுக்குத் தெரியாதா? சண்டை வந்தால் எதிரியின் அம்மாவை இழுத்து வைகிறபோது மட்டும் அது வாயில் வருகிறதே! வசவாக இருந்தால் சொல்லலாம், நோயாக இருந்தால் சொல்லக்கூடாதா? இத்தனை இதழ்களில் நில உரிமை எழுதினோம், இடஒதுக்கீடு எழுதினோம், அரிப்பு என்று ஒரு வரி எழுதினோமா? இந்த இதழையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். உடம்பின் ஒரு பாகத்தைக் 'கீழ' என்கிறார்கள். நம்மையும் கீழ என்றுதான் சொன்னார்கள். ரெண்டாவதை எதிர்த்துக் கொடி பிடிக்கிறவர்கள் முதலாவதைப் பார்ப்பனியம் சொன்னபடியே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கேட்கிறேன். ஆறாத அரிப்போ புண்ணோ தோல் வெளுப்போ சொல்லி வருகிற எந்தப் பெண்ணையும் பரிசோதிக்காமல் களிம்பு எழுதக்கூடாது என்று ஒவ்வொரு சுகாதார நிலைய வாசலிலும் நம் பெண்கள் அணி போய்க் கேட்க வேண்டும். சந்தேகமிருந்தால் பயாப்சி என்பது உரிமை, சலுகை அல்ல. நம் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி கிடைக்க வேண்டும். மாணவத் தோழர்களே, மருத்துவம் படிக்கிற நம் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லுங்கள்: தொட்டுப் பார், அதுவும் போராட்டம்தான்.

இதைப் படிக்கிற ஏதோ ஒரு சகோதரி, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு யாருக்கும் தெரியாமல் சொரிந்துகொண்டு இருப்பாள். தாயி, நாளைக்கே போ. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சீட்டு எழுதினால் வாங்காதே. "பாத்துட்டு எழுதுங்க" என்று சொல்லிக் கட்டிலில் ஏறிப் படு. தனியாகப் போகப் பயமாயிருந்தால் எங்களைக் கூப்பிடு. ஆறு பேர் இருக்கிறோம், வருவோம்.