பி.டி. பீரியடில் கை வைக்காதீர்கள்

தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலில் வல்லத்தைக் கரையேற்றத் தோள் கொடுப்பவர்களின் முதுகைப் பாருங்கள். உழைத்தே முறுக்கேறிய உடம்பு. அவர்கள் பிள்ளைகளோ பள்ளிக்கூடம், டியூஷன், செல்போன் என்று உட்கார்ந்தே வளர்கிறார்கள். படிக்கட்டும், நல்லா படிக்கட்டும். ஆனால் 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். எலும்பு உறுதிப்படுகிற வயசு இது. பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் தூக்கிக் கொடுப்பது பெரிய அநியாயம். வயசுக்கு வந்துவிட்டாள் என்று மகளை வீட்டுக்குள் நிறுத்துவது அதைவிட அநியாயம். சாயங்காலம் தம்பி பந்து உதைக்கப் போகும்போது அக்காவையும் அனுப்புங்கள்.