காசு செல்லும், தீர்மானம் செல்லாதாம்!

"ஸூமில கூடினதெல்லாம் ஒரு கூட்டமோ?"

எங்கட ஊர் மரணச் சகாய சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த பதில் இது. பெரியவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெண்டு சொல்லுறம்.

மரணச் சகாய சங்கம் எண்டால் என்னவெண்டு ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மாதச் சந்தா கட்டுவோம். ஒரு வீட்டில் செத்தவீடு நடந்தால் பந்தலும் கதிரையும் போகும், உடன் செலவுக்குக் காசு போகும், சனமும் போகும். அரசாங்கம் செய்யாததை ஊர் தனக்குத் தானே செய்துகொள்கிற ஏற்பாடு இது. அதில் எங்களுக்குப் பெருமைதான்.

2020 மார்ச் 20 இல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. வாசிகசாலையில் கூடுகிற வழக்கம் அதோடு நின்றது. முதலில் வட்ஸ்அப்பில் செய்தி போட்டுச் சமாளித்தார்கள். பிறகு ஸூமுக்கு வந்தார்கள். லிங்க் அனுப்பினதும், "அண்ணை, மைக்கை ஓன் பண்ணுங்கோ" எண்டு கத்தினதும் நாங்கள்தான். இங்கே இரவு ஏழு மணி, டொரொண்டோவில் காலை ஒன்பதரை. அங்கிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 2021 மே 21 இலிருந்து ஒரு மாதம் பயணத்தடை இருந்தபோது, கூலி வேலை இல்லாமல் இருந்த வீடுகளுக்கு உலர் உணவு கொடுக்க முடிவெடுத்ததும் ஸூமில்தான். அதற்கான காசு வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்ததும் அந்த முடிவை வைத்துத்தான்.

இன்னொன்றும் நடந்தது. பெண்கள் வந்தார்கள்.

வாசிகசாலைக் கூட்டம் எப்பவும் ஞாயிறு பின்னேரம். இருட்டின பிறகுதான் முடியும். அடுப்படியை விட்டு, லைட் இல்லாத ஒழுங்கையால் எந்த அக்கா வருவா? ஸூமில் ஒரு கையில் போனும் மற்றக் கையில் அகப்பையுமாக வந்தார்கள். முதல் இரண்டு கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவதில் ஒரு அக்கா கேட்டா: "இவர் செத்ததோட எங்கட அங்கத்துவமும் செத்துப்போச்சோ?"

சங்கத்தின் யாப்பில் அங்கத்தவர் எண்டால் குடும்பத் தலைவர். குடும்பத் தலைவர் எண்டால் ஆம்பிளை. அவர் இறந்தால் மகனின் பெயருக்கு மாறும். மகன் இல்லாவிட்டால்? போர் முடிந்து இத்தனை வருசத்துக்குப் பிறகும், பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் இவ்வளவு இருக்கிற வடக்கில், இந்தக் கேள்வியை வாசிகசாலையில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவேண்டியவர்கள் அங்கே இருக்கவில்லை. பெண்கள் தங்கள் பெயரிலேயே அங்கத்தவராகலாம் எண்டு அன்றிரவு தீர்மானம் எடுத்தோம். ஒருவரும் எதிர்க்கவில்லை.

தடைகள் நீங்கி மண்டபத்துக்குத் திரும்பியதும் கதை மாறியது. கூட்டறிக்கைக் கொப்பியில் அந்தத் தீர்மானம் இல்லை. "யாப்பில ஸூம் இல்லை, கோரமும் இல்லை" என்றார்கள். சரி, அப்படியெண்டால் உலர் உணவுக் காசையும் திருப்பி அனுப்புங்கோ! அது மட்டும் கணக்கறிக்கையில் அழகாக ஏறியிருக்கிறது. ஒரே வழியால் வந்த காசு செல்லும், தீர்மானம் செல்லாது எண்டால், அவர்களுடைய பிரச்சினை ஸூம் இல்லை.

அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஸ்மார்ட் போன் இல்லாத ஆச்சிமார் இருக்கிறார்கள். டேட்டாவுக்குக் காசு வேணும். இணைய வகுப்புக்காகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மரத்திலும் பாறையிலும் ஏறின நாடு இது. செத்தவீட்டில் தோளில் கை வைப்பதை ஒரு ஸ்கிரீனும் செய்யாது. அதனால்தான் மண்டபத்தை மூடச்சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கூட்டம் நடக்கிற மேசையில் ஒரு போனையும் வையுங்கோ என்கிறோம். ஆனால் ஆச்சியின் பெயரைச் சொல்லி அக்காவை வெளியே வைக்காதேங்கோ. அந்த ஆச்சியையும் நீங்கள் ஒருநாளும் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை.

"செத்தவீட்டுச் சங்கத்துக்குள்ள அரசியல் வேண்டாம்" எண்டும் சொன்னார்கள். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, குடும்பங்கள் கதறக் கதற எரித்த நாட்டில் இருந்துகொண்டா இதைச் சொல்கிறீர்கள்? 2020 ஏப்ரலில் வர்த்தமானியில் போட்ட விதி, 2021 பெப்ரவரியில்தான் மாறியது. ஒருவரின் கடைசிக் காரியத்தை யார் தீர்மானிப்பது என்பதை விடப் பெரிய அரசியல் என்ன இருக்கிறது?

எங்கட கோரிக்கை மூன்றுதான். அந்தத் தீர்மானத்தைக் கொப்பியில் ஏற்றுங்கோ. நேரில் வரமுடியாதவர்கள் போனில் சொல்லும் வாக்கையும் எண்ணுங்கோ. கூட்டத்தைப் பகலில் வையுங்கோ.

கொள்ளைநோய்க் காலத்தில் கதவைத் திறந்தது பெருந்தன்மையால் இல்லை, வேறு வழி இல்லாததால் எண்டு எங்களுக்கும் விளங்குது. பரவாயில்லை. திறந்த கதவால் உள்ளே வந்துவிட்டோம். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அக்காமாரோடு நேரிலேயே வருவோம். அப்ப கோரம் இல்லையெண்டு சொல்லேலாது.