சாம்பல் விழுந்த இலைக்கு எந்தச் சத்துக் குறைவு?

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து நெல்லில் புள்ளி விழுந்தால் பூஞ்சாணக்கொல்லியைத் தொடவே வேண்டாம், துத்தநாகமும் மாங்கனீசும் போரானும் கலந்து இலையில் அடித்தாலே நோய் ஓடிவிடும் என்று ஒரு கட்டுரையில் முழங்கியிருக்கிறார் நம் பயிர் ஆலோசகர். நல்லது. இலைமேல் நுண்ணூட்டம் படிவதுதான் மருந்தென்றால், அனல்மின் நிலையச் சாம்பல் பறந்து படியும் செப்பாக்கத்துச் செடிகொடிகளுக்கு அல்லவா நோயே வரக்கூடாது? அந்தச் சாம்பலிலும் இம்மூன்றும் உண்டு, விலையும் கிடையாது! ‘அது கரையும் வடிவில் இல்லையே’ என்பார். அப்படியானால் எந்த வடிவில், எவ்வளவு, எப்போது, எந்த நோய்க்கு என்பதுதானே விஷயம்? கட்டுரை முழுக்க அவர் வாய் திறக்காத இடமும் அதுதானே?

அவருடைய ஒரே சான்று, அடித்த சில நாளில் பயிர் பச்சை கட்டியது என்பது. அது சத்துக் குறைவு தீர்ந்ததற்குச் சான்றாகலாம், பூஞ்சாணம் ஒழிந்ததற்கு அல்ல. 1966இல் பந்த்நகரில் ஒய்.எல். நேனே ‘கைரா’ என்ற நெல் நோயைத் துத்தநாகக் குறைவு என்று நிறுவினார். துருநிறப் புள்ளி உண்டு, பூஞ்சாணம் கிடையாது. துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்போடு அடித்தால் தேறிவிடும். காய்ச்சலே இல்லாதவனுக்குக் கஷாயம் கொடுத்துக் காய்ச்சலை விரட்டிய வைத்தியருக்கு நாம் பொன்னாடை போர்த்த வேண்டுமாம்!

சத்தற்ற மண்ணில் செம்புள்ளி நோய் அதிகம் என்பதை மறுப்பவர் யார்? ஆனால் அது நடவுக்கு முன்பே மண்ணைச் சோதித்துச் சீர்செய்யச் சொல்லும் வாதம். இலைக்குள் பூஞ்சாணம் வேரோடிய பிறகு நுண்ணூட்டக் குப்பி வாங்கச் சொல்லும் வாதமல்ல. குலைநோயோ தழைச்சத்தை அள்ளிக் கொட்டிய வயலைத்தான் தேடி வருகிறது. பட்டினிதான் நோய் என்பவரின் சித்தாந்தம் இந்தக் கொழுத்த நோயாளியை எந்தக் கட்டிலில் கிடத்தும்?

இதைவிட ரசமானது மாங்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லிமேல் அவருக்குள்ள வெறுப்பு. அதில் இருக்கும் உலோகங்கள் எவை? அவர் பூஜிக்கும் அதே மாங்கனீசும் துத்தநாகமும்! பூஞ்சாணத்தைக் கொல்வது அவற்றோடு பிணைந்த டைதயோகார்பமேட். தாமிரமும் நுண்ணூட்டம்தான், ஆனால் போர்டோ கலவையில் பத்து லிட்டருக்கு நூறு கிராம் மயில்துத்தம் போடுவது பயிருக்குச் சோறூட்டவா? கலவையில் கத்தியை முக்கி, செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கிற விவசாயிக்கு, தான் கையாள்வது நஞ்சு என்று தெரியும். ஆலோசகருக்குத்தான் தெரியவில்லை. கடல்நீர் ஏறிய மீஞ்சூர் போர்த் தண்ணீரில் அவருடைய நுண்ணூட்டத்தைக் கரைத்து அடித்தால் இலை விளிம்பு கருகுமே, அதற்கு எந்தச் சத்துக் குறைவு என்று பெயர் வைப்பாரோ!

தெரியவில்லையா, தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாரா? நுண்ணூட்டம் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது. நோய் தீர்க்கும் மருந்து என்றால் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்கு ஆய்வுத் தரவு வேண்டும். ஆகவே ஒட்டுத்தாளில் ‘சத்து’, மேடையில் ‘மருந்து’. அவ்வளவு நம்பிக்கை இருந்தால், கட்டுரையில் எழுதியதை அந்தக் குப்பியின் மேலும் ஒரே ஒரு வரி அச்சடித்து விற்கட்டுமே?