"தானாச் சரியாப் போயிரும்" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களும், பனியன் கம்பெனி நடத்துபவர்களும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

குழந்தையின் கால் கோணலாக இருக்கிறது என்றால் நம் பக்கம் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "அதெல்லாம் வளர வளரத் தானாச் சரியாப் போயிருமுங்க." இது முழுப் பொய்யாக இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பாதி உண்மையாக இருப்பதால்தான் இத்தனை கேடு செய்கிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது வரை இரண்டு கால்களும் வெளிப்பக்கமாக வில் போல வளைந்திருப்பது சாதாரணம். மூன்று, நான்கு வயதில் முட்டி இரண்டும் இடிப்பதும், சின்ன வயதில் பாதம் தட்டையாக இருப்பதும் அப்படித்தான். பெரும்பாலும் ஏழு வயதுக்குள் நேராகிவிடும். இதற்கெல்லாம் பயந்து ஆயிரக்கணக்கில் செலவழித்து ஷூ வாங்க வேண்டாம்.

ஆனால் வளைபாதம் தானாகச் சரியாகாது. டாக்டர்கள் கிளப்ஃபுட் என்பார்கள். பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாகவும் கீழாகவும் திருகி இருக்கும். கையால் நேராக்கினாலும் நிற்காது. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. இதற்கு எண்ணெய் போட்டு நீவுவதும் வைத்தியமல்ல. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று பெற்றவளைக் குறை சொல்கிறீர்களே, அது வைத்தியமும் அல்ல, நியாயமும் அல்ல.

வைத்தியம் இருக்கிறது. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி, பெரிய ஆபரேஷன் செய்த பாதங்கள் பின்னாளில் விறைத்து வலிப்பதைக் கண்டு, வேறு வழி தேடினார். பிறந்த சில வாரங்களிலேயே பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டு. வாரம் ஒரு முறை கட்டு மாற்ற வேண்டும். பெரும்பாலும் ஐந்து, ஆறு கட்டுகள் போதும். பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சின்ன வெட்டு, அதன் மேல் மூன்று வாரம் கடைசிக் கட்டு. பிறகு கம்பியால் இணைத்த இரண்டு ஷூ. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அதன் பின் நான்கு வயது வரை தூங்கும்போது மட்டும். இன்று உலகம் முழுவதும் இதுதான் முறை.

இது கெடுவது இரண்டு இடத்தில். முதல் இடம் வீடு. பாதம் நேரானதும், "பாவம், புள்ள அழுவுது" என்று பாட்டி ஷூவைக் கழற்றிவிடுவார். பாதம் மறுபடி திரும்புவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பாட்டிமார்களே, உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரக்கத்துக்கான விலையைப் பேரன்தான் நடந்து நடந்து கொடுப்பான்.

இரண்டாம் இடம் கம்பெனி. கட்டு மாற்றப் போக வர மொத்தம் ஏழெட்டு நாள் வேண்டும். செக்கிங்கில் நிற்கும் பெண்ணுக்கும், பீஸ் ரேட்டில் தைக்கும் அப்பனுக்கும் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஷிப்மென்ட் நேரமென்றால் வேலையே போனாலும் போகும். மூன்றாவது வாரமே கட்டு நின்றுவிடும். பிறகு ஐந்து வயதில், பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்தபடி அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வரும். "சப்பாணி" என்று மற்ற பிள்ளைகள் கூப்பிடுவதை நான் அதட்டி நிறுத்தியிருக்கிறேன். காலை நிமிர்த்த என்னால் முடியவில்லை.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று முதலாளிகள், கான்ட்ராக்டர்கள், கட்டிங் மாஸ்டர்கள். உங்களுக்குத் தெரிந்த கணக்கில் கேட்கிறேன். தையல் விலகியதை லைனிலேயே பிடித்தால் பிரித்துத் தைத்துவிடலாம். பெட்டி கட்டிய பின் பார்த்தால் எவ்வளவு நஷ்டம்? கும்பாபிஷேகத்துக்கு அன்னதானம் போடும் நீங்கள், கைக்குழந்தைக்காரிக்குச் சம்பளத்தோடு எட்டு நாள் கொடுக்கக் கூடாதா? ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களுக்கு எங்கே போவதென்றே தெரியாது. ஒரு ஆளைக் கூட அனுப்புங்கள். அவர்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறீர்கள் அல்லவா? அதில் பிள்ளைக்கும் வைத்தியம் உண்டு என்று எத்தனை பேரிடம் சொன்னீர்கள்?

டீச்சராக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2013 முதல் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. வளைபாதமும் இடுப்பு மூட்டு விலகலும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலிலேயே இருக்கின்றன. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு விடாமல், நொண்டும் பிள்ளையை நீங்களே முன்னால் நிறுத்துங்கள்.

இன்னும் மூன்று விஷயம் காத்திருக்கக் கூடாதவை.

கைக்குழந்தையின் ஒரு கால் மட்டும் குட்டையாகத் தெரிந்தாலோ, தொடை சரியாக விரியாவிட்டாலோ இடுப்பு மூட்டைக் காட்டுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் பெரும்பாலும் வார் கட்டியே சரிசெய்யலாம். நடக்கத் தொடங்கிய பின் என்றால் ஆபரேஷன் வரை போகும்.

காய்ச்சலோடு குழந்தை காலை ஊன்ற மறுத்தால் சுளுக்கு என்று வழிக்காதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில நாளில் மூட்டே அரித்துப்போகும்.

ராத்திரியில் இரண்டு காலும் வலித்து, காலையில் ஓடி விளையாடினால் அது வளர்ச்சி வலியாக இருக்கலாம். ஒரே காலில், ஒரே இடத்தில் வலித்து, பகலிலும் நொண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

திருப்பூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. எலும்பு டாக்டரைத் தேடிக் கோயமுத்தூர் போக வேண்டும் என்ற சாக்கும் இனி இல்லை. அடுத்த முறை யாராவது "தானாச் சரியாப் போயிரும்" என்றால், "அதை டாக்டர் சொல்லட்டுமுங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் டீச்சர்