தோட்டமில்லாத தோட்டத்தார்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவை நோக்கிச் செல்லும் பெருவீதி காவத்தையைக் கடந்து கொடகவெலயை அடைகையில், ஈரவலயத்தின் அடர்ந்த பசுமை சிறிது சிறிதாக வறண்ட நிலத்துக்கு இடங்கொடுக்கத் தொடங்குகிறது. வீதியின் இருமருங்கிலும் கிராமத்தவர் வீடுகள். அவற்றைச் சூழ்ந்து பலாவும் ஈரப்பலாவும் கமுகும் வாழையும் நிற்கின்றன, மிளகுக்கொடி மரமேறியிருக்கிறது, பின்புறச் சரிவில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ சொந்தத் தேயிலை. அதே வீதியிலிருந்து பிரிந்து இறக்குவானைப் பக்கத்து மலைகளை நோக்கி ஏறும் தோட்டப் பாதைகளின் முடிவில் லயங்கள் இருக்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள். இறவாரத்துக்கும் கழிவுநீர்க் கானுக்கும் இடையே ஒரு முழ அகலத்தில் மண். அந்த ஒரு முழ மண்ணிலும் பாகற்கொடி ஒன்று கூரைக்கு ஏறியிருக்கும். ஓட்டை வாளியில் கறிவேப்பிலை. உடைந்த சட்டியில் துளசி. நிலம் மறுக்கப்பட்ட உழவர் குலமொன்று தன் தொழிலை மறக்க மறுக்கும் காட்சி இது.

தமிழில் தோட்டம் என்னுஞ் சொல்லுக்கு வீட்டையொட்டி, வீட்டாரின் தேவைக்கெனக் காயும் கனியும் பூவும் விளைவிக்கப்படும் நிலம் என்பதே இயல்பான பொருள். மலையகத்தில் அச்சொல் தன் பொருளை இழந்தது. அங்கு தோட்டம் என்பது நூற்றுக்கணக்கான ஏக்கரில் ஒற்றைப் பயிர் வளரும், பிறர்க்கு உரிமையான தொழிற்கூடம். அதில் உழைப்போர் தோட்டத்தார் எனப்பட்டனர். 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல் கற்றோர் நாவிலும், பல்கலைக்கழக விடுதிகளிலுங்கூட, கூசாமற் புழங்கியதை மறைப்பதற்கில்லை. 2023ஆம் ஆண்டில் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாண்டு நிறைவு நினைவுகூரப்பட்டது. இருநூறு ஆண்டுகளாகத் தோட்டத்தின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தாருட் பெரும்பாலோருக்கு, ஒரு கத்தரிச் செடியை நட்டு அது காய்த்து ஓயும்வரை தமதென்று சொல்வதற்கு எழுத்திலமைந்த உரிமை ஏதும் இல்லை. துரையின் வாய்மொழி அனுமதி உண்டு. அனுமதி தந்த துரை மாறிப்போனால் அதுவும் போயிற்று.

இத்தோட்டங்களை நிறுவிய பிரித்தானியர் தம் தாயகத்திற் செய்ததை ஒப்புநோக்குதல் தகும். 1908ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் சிறு நிலங்கள் மற்றும் பங்குத் தோட்டங்கள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. ஓர் ஊரின் வாக்காளர் அல்லது வரியிறுப்பாளர் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால், உள்ளூராட்சி மன்றம் அக்கோரிக்கையைக் கருத்திற் கொண்டாக வேண்டும். தேவை இருக்கிறதென்று கண்டால் நிலம் தேடிப் பகிர்ந்தளித்தல் அதன் கடமையாகும். 1922ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பங்கின் உச்ச அளவை 40 'போல்' என வரையறுத்தது. விளைவது உழுபவனும் அவன் குடும்பமும் உண்பதற்கே என்றது. முன்னறிவித்தலின்றி வெளியேற்றலாகாது, நின்ற பயிருக்கு நட்டஈடு வேண்டும் என்றும் விதித்தது. 1925இல் வந்த சட்டமோ, இதற்கென ஒதுக்கிய நிலத்தை அமைச்சரின் இசைவின்றி மன்றங்கள் விற்கவும் தடை போட்டது. இவை கருணையாற் பிறந்தவையல்ல. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு உழவர் கூலிகளாக்கப்பட்ட பின், அக்கூலிகள் வாக்குரிமை பெற்று அரசியற் சக்தியாக எழுந்தமையின் விளைவுகள் அவை.

அங்கு அச்சட்டம் வந்த காலத்தில் இங்கு நிலவியது என்ன? தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகவொட்டாது கடனாற் பிணித்த 'துண்டு' முறை. அது ஒழிய 1921 ஆயிற்று. இலண்டன் கொம்பனிகளின் பங்குதாரர் வாழ்ந்த நாட்டில் தொழிலாளிக்குக் காய்கறிப் பாத்தி சட்டம் தந்த உரிமை. அதே கொம்பனிகளின் இலங்கைத் தோட்டத்திலோ அது துரையின் தயவு. ஒரே மூலதனம் இருவேறு நீதிகளை வைத்திருந்தது.

அளவைக் கணக்கு இன்னுஞ் சுவையானது. ஆங்கிலேயர் 'போல்', 'ரொட்' என்பதும் இலங்கையில் 'பேர்ச்சஸ்' எனப்படுவதும் ஒரே அளவுதான். 160 சேர்ந்தால் ஓர் ஏக்கர். அங்கு வழக்கமான முழுப் பங்கு 10 பேர்ச்சஸ், காய்கறிக்கு மட்டும். வீடு வேறிடத்தில் இருக்கும். இங்கோ, மலையகத் தொழிலாளிக்கு விடிவு என்று முழங்கப்பட்ட தனிவீட்டுத் திட்டம் வீட்டுக்கும் முற்றத்துக்கும் மலசலகூடத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் எல்லாவற்றுக்குமாகத் தந்தது 7 பேர்ச்சஸ், ஏறத்தாழ 1900 சதுர அடி. பின்னர் 10 என்னும் பேச்சும் எழுந்தது. தனிவீடு வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆயினும் சரிவிலே வெட்டிய மேடையில் 550 சதுர அடி வீடொன்று எழும்பிய பின் எஞ்சும் செம்மண் வெட்டுமுகத்தைக் காட்டி, நிலப் பிரச்சினை தீர்ந்துவிட்டதென மேடையிற் பேசுவோர் ஒருமுறை மண்வெட்டியோடு அங்கு போய்வரல் நன்று.

நிலம் இல்லையா? 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் ஏறத்தாழ பத்து இலட்சம் ஏக்கர் அரசின் கைக்கு வந்தது.  அந்நிலத்திற் பிறந்து, அந்நிலத்தில் உழைத்து, அந்நிலத்திற் புதைக்கப்பட்டவர்களுக்கு அதில் இடமில்லாது போயிற்று. அவர்களிற் பலர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். நாடற்றவனுக்கு ஏது காணி? 1973, 1974இல் தோட்டங்களிற் பட்டினிச்சாவு நிகழ்ந்தது. சுற்றிலும் பச்சை, உண்ண ஓர் இலையும் இல்லை. 1977 மே மாதத்தில் நுவரெலியாப் பகுதியில் 7000 ஏக்கர் தோட்டக்காணியைப் பிறர்க்குப் பகிரும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தபோது, டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியக் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 2045 வரை நீளும் குத்தகையும் பின் எழுதப்பட்டது. குத்தகைக்காரர் மாறினர், லயத்துக் கானோரத்து முழ மண் அப்படியே இருந்தது.

இனி அண்மைய நிகழ்ச்சி ஒன்று. 2021இல் இரசாயனப் பசளை தடைசெய்யப்பட்டு நாட்டு விளைச்சல் சரிந்தது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரச ஊழியர் தத்தம் வீட்டுத் தோட்டங்களிற் பயிரிடுவதற்கென மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை முடிவுசெய்தது. கதிரையில் இருந்து எழுதுவோர்க்கு மண்ணைக் கொத்த ஊதியத்தோடு ஒருநாள்! பரம்பரையாக மண்ணைக் கொத்திவந்தவனுக்கு ஒருநாள் பேர் விழாவிட்டால் அந்நாட்கூலி இல்லை. கொத்துவதற்குச் சொந்த மண்ணும் இல்லை. தோட்டங்களுக்கும் விதைப் பொதிகள் வந்தால் நிலைமை திருந்தும் என்று வாதிடுவோர் உளர். விதையைக் கொடுத்து நிலத்தை மறுப்பது, இலையைப் போட்டுச் சோற்றை மறுப்பதற்கு ஒப்பானது.

கொம்பனித் தரப்பின் வாதங்களைப் புறக்கணித்துச் செல்வது முறையாகாது. தொழிலாளிக்கு நிலங்கொடுத்தால் அவன் தன் பாத்தியே கதியென்று கிடப்பான், கொழுந்து முற்றிப்போகும் என்பது முதல் வாதம். கொடகவெல வீதியோரத்திலேயே இதற்கு மறுப்பு உளது. இன்று இலங்கைத் தேயிலையில் மிகப் பெரும்பங்கைத் தருவோர் சிற்றுடைமையாளர். அவர்களுட் பெருந்தொகையினர் இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் வாழ்வோர். நிலமும் வீட்டுத் தோட்டமும் உள்ளவன் தேயிலையைக் கைவிடுவான் என்றால், அம்மாவட்டங்களின் தொழிற்சாலைகள் எப்போதோ மூடப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் கொம்பனி அஞ்சுவது கொழுந்து முற்றுவதை அன்று. காய்ந்த மிளகாய்க்கும் கீரைக்கும் கடைக்காரனை நம்பியிராத தொழிலாளி கூலிப் பேச்சுவார்த்தையில் சற்று நிமிர்ந்து நிற்பான். அச்சம் அங்கேதான் இருக்கிறது.

நிலம் தேயிலைக்கே போதவில்லை என்பது இரண்டாவது வாதம். கைவிடப்பட்டு மானா மண்டிக் கிடக்கும் பழைய மலைகளைப் பார்த்தவர்க்கு இதற்கு விடை சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது வாதமே சிந்திக்கத்தக்கது. பன்றியும் குரங்கும் முள்ளம்பன்றியும் பயிரை விட்டுவைப்பதில்லை. தண்ணீரோ ஒரே பீலியில். ஆகவே தோட்டத்திற் காய்கறி நிலைக்காது என்பர். தனித்தனிப் பாத்திகளைப் பொறுத்தவரை இது மெய். ஐம்பது குடும்பங்கள் ஐம்பது மூலைகளில் நட்டால் ஐம்பது வேலிகளும் ஐம்பது காவல்களும் வேண்டும். ஐம்பது பங்குகளும் ஒரே திடலில் அடுத்தடுத்து அமைந்தால் ஒரு வேலி போதும், முறைவைத்துக் காவலிருக்கலாம், பீலி நீரை ஒரு தொட்டியிற் சேர்த்து நாள்வகுத்துப் பாய்ச்சலாம். ஏழு குடும்பத்தார் தனித்தனியே அள்ளியெறியும் தொழுவக் குப்பையும் கொழுந்துக் கழிவும் பொதுக் குழியில் மட்கினால் பசளைக் கடைக்குப் போகவேண்டியதில்லை. தனிவீட்டுத் திட்டம் செய்ய முடியாததைப் பொதுத்திடல் செய்யும் என்பது இதனாலேயே. பங்கு தனித்தனி, வேலியும் நீரும் காவலும் பொது. பயிற்றங்காயும் பாகலும் கத்தரியும் வெண்டியும் மரவள்ளியும் வற்றாளையும் வல்லாரையும் தழைக்கும் தட்பவெப்பம் கொடகவெலப் பக்கத்துக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சனத்தொகைச் சுகாதார மதிப்பீட்டின்படி தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். நாடு முழுவதற்குமான வீதம் 17.3. அப்பிள்ளைகளின் தட்டிற் கீரை விழவேண்டுமெனச் சொற்பொழிவாற்றும் உத்தியோகத்தர், கீரை எங்கே முளைப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனினும், நிலங்கிடைத்தால் எல்லாம் தானே நடக்கும் எனக் கற்பனை செய்வதும் தவறு. பொதுத்திடலை நடத்துவது எவர்? நிர்வாகம் நடத்தினால் அது இன்னொரு பெரட்டுக்களம் ஆகும். தொழிற்சங்கத் தலைவரிடம் விட்டால், நீரருகே உள்ள நல்ல பங்குகள் எவர்க்குப் போகும் என்பதை லயத்துப் பிள்ளையும் சொல்லும். பங்குகளைச் சீட்டுக்குலுக்கிக் கொடுத்தல், ஓராண்டு தரிசாக விட்டவரிடமிருந்து மீட்டுக் காத்திருப்பவர்க்கு அளித்தல், கணக்கை எல்லாரறிய வாசித்தல் என்பன பங்காளரே தெரிந்தெடுத்த குழுவின் கையில் இருத்தல் வேண்டும். அக்குழுவிற் பெண்கள் பாதிக்குக் குறையலாகாது. விடியுமுன் எழுந்து சமைத்து, பகலெல்லாம் மலையேறிக் கொழுந்தெடுத்து, மாலையில் விறகோடு திரும்புபவளின் தலையில் நாலாவது வேலையாக மம்பட்டியையும் ஏற்றிவிட்டு, அதற்குச் சுயநிறைவு எனப் பெயர் சூட்டுவது கொடுமை. ஆண்கள் மாலை வேளையைத் தவறணையிற் செலவிடும் வழக்கத்தைப் பற்றியும் பேசாதிருக்க முடியாது. காவல்முறை, நீர்ப்பாய்ச்சல் முறை ஆகியவற்றில் வீட்டு ஆணின் பெயர் எழுதப்பட்டாலன்றி அத்திடல் பெண்ணின் முதுகில் நிற்கும்.

இத்தனையையும் ஊட்டத்தின் பெயரால் மட்டும் நியாயப்படுத்துவது ஒருவகை இழிவே. ஏழை எதைச் செய்தாலும் அது வயிற்றுக்காகவே இருக்கவேண்டுமென்பது வசதியுள்ளோரின் நினைப்பு. இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி தன் பங்கிற் பெரிய வெங்காயம் விளைவித்துப் போட்டிக்குக் கொண்டுபோனதும், கருவிக் கொட்டிலின் முன் நண்பரோடு தேநீர் அருந்தியதும் பசியினால் மட்டுமன்று. அவன் குடித்த தேநீர் எவ்விடத்து மலையிலிருந்து போயிற்று என்பது வேறு கதை. மாரியம்மனுக்குத் தன் கையால் நட்ட செவ்வந்தியைக் கொண்டுபோக விரும்பும் கிழவிக்கும், பேரப்பிள்ளைக்குப் பயிற்றங்கொடி பந்தலேறும் விதத்தைக் காட்ட விரும்பும் கவ்வாத்துக்காரனுக்கும் அந்த மகிழ்ச்சி உரியதே. காம்பராவில் இருவர் பேச மூன்றாமவர் கேளாத இடமில்லை. மாலையில் தன் பாத்தியருகே தனித்துக் குந்தியிருக்க ஒரு மூலை, ஒரு மனிதப் பிறவிக்கு ஆடம்பரமா?

மலையகம் என்றால் நுவரெலியா என்று எண்ணிப் பழகிவிட்ட அரசியல் ஒன்றுண்டு. வாக்கு அங்கே திரண்டிருப்பதால் வீடும் வீதியும் வாக்குறுதியும் அங்கேயே திரள்கின்றன. சபரகமுவத் தோட்டத்தார் கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்கின்றனர். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது அச்சிதறலின் விலையைக் கொடுத்தனர். அவ்வன்செயல்களால் வன்னிக்கு ஓடியவர்கள், காந்தியம் போன்ற அமைப்புகளின் துணையோடு காட்டை வெட்டிக் கழனியாக்கினர். தோட்டத்தானுக்குக் கொழுந்தெடுப்பதன்றிப் பயிர்செய்யத் தெரியாதென்னும் ஏளனத்துக்கு அவர்கள் கையே விடை தந்தது. அதற்கு அவர்கள் ஊரைவிட்டு ஓடவேண்டியிருந்தது என்பதே வெட்கக்கேடு.

இங்கிலாந்தில் ஆறு பேரின் மனு உள்ளூராட்சி மன்றத்தை அசைக்கும். கொடகவெலவிலும் ஒரு பிரதேச சபை உண்டு. தோட்டக் குடியிருப்புகளுக்குத் தன் நிதியைச் செலவிட முடியாதபடி 1987ஆம் ஆண்டுச் சட்டம் பிரதேச சபையைக் கட்டியிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அக்கட்டை அவிழ்த்தது. அவிழ்ந்த கட்டைப் பயன்படுத்தக் கேட்போர் வேண்டும். மனு எழுதப்படல் வேண்டும். கைவிடப்பட்ட மலையின் இலக்கமும் பரப்பும் பீலியின் தூரமும் குறிக்கப்படல் வேண்டும். கொம்பனி விலக்கிக்கொடுக்க வேண்டிய துண்டுக்கு வரைபடம் வேண்டும். ஐம்பது குடும்பத்தின் பெயர்ப்பட்டியல் வேண்டும். அதே மாவட்டத்திற் பெலிகுல் ஓயாவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் விவசாய விஞ்ஞான பீடம் இருக்கிறது. லயத்துக் காம்பராவிலிருந்து படித்தேறிய மாணவரும் உளர். மண்ணைச் சோதிக்கவும் நிலத்தை அளக்கவும் மனு எழுதவும் கற்றவர்கள், ஆண்டு மலரில் மலையகத்தைப் பற்றிக் கவிதை எழுதிவிட்டு அடுத்த விடுமுறைக்கு வீடு போகும்போது, அளவுநாடாவொன்றையும் பையிற் போட்டுக்கொண்டு போகலாம். பிரதேச சபைக்குரிய முதல் மனுவுக்கு ஆறு கையெழுத்தே போதும்.